மாமி வளவுக்கு வந்த நீலப் பறவைகள்

எட்டு வயதில் எனக்கு உலகத்திலேயே பிடிக்காத இடம் மாமியின் பின்வளவு. மாமி அப்பாவின் அக்கா. கனடாவில், ஸ்காபரோவில் அவருடைய வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு மரவேலி மட்டும்தான். அந்த மாசியில் மாமா மாரடைப்பில் போய்விட்டார். பனி கரைந்ததும், அவர் கொறிக்கவென்று மூட்டையாக வாங்கி வைத்திருந்த கச்சான் கடலையை மாமி தினமும் பின்வளவில் கொட்டத் தொடங்கினார். புளூ ஜேக்களுக்கு அதை யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. ஒன்றிரண்டாக வந்த நீலப் பறவைகள் கோடைக்குள் கூட்டமாக இறங்கின.

அப்பாவுக்குக் கிழமை முழுக்க வெயார்ஹவுஸில் இரவு வேலை. சனிக்கிழமைக் காலை ஒன்றுதான் அவர் எனக்கென்று விழித்திருக்கும் நேரம். அதையும் இந்தப் பறவைகள் பிடுங்கிக்கொண்டன. தேத்தண்ணிக் கோப்பையோடு வேலியைச் சுற்றிப் போய் மாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். நான் மேல்மாடி யன்னலில் நின்று வயிறெரிவேன். பறவைகள் எங்கள் பக்கம் வந்தால் அப்பாவும் எங்கள் பக்கம் வருவார். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

அம்மாவைக் கரைச்சல்படுத்திக் கச்சான் வாங்குவித்து எங்கள் வளவில் ஒரு தட்டில் வைத்தேன். அணில்கள் தின்று கொழுத்தன. பொறுக்க முடியாமல் ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டி மாமியிடம் சொல்லியே விட்டேன்.

"உங்கட பக்கம் மட்டும் எவ்வளவு வருது மாமி. எங்கட பக்கம் ஒண்டுமே வாறேல்லை."

மாமியின் முகம் மாறிவிட்டது. வாய்விட்டு வியந்தால் கெடுதி வரும் என்ற நாவூற்றில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. "உவளின்ரை வாய் பொல்லாத வாய்" என்று அம்மாவிடம் முறையிட்டாராம். அடுத்த நாளே கத்தரிப் பாத்தியின் நடுவில் ஒரு வெருளி எழும்பி நின்றது. சட்டித் தலை, கரியில் கீறிய மீசை, மாமாவின் குளிர் ஜக்கெற். என் வாய்க்குப் பயந்து நட்ட அந்த வெருளிக்கு நான் பயப்படவில்லை. பறவைகள்தான் பயந்தன. தோட்டத்தில் வெருளி வைப்பது எதற்கென்பது நாவூற்று அவசரத்தில் மாமிக்கு மறந்துபோயிருக்க வேண்டும். கிழமை முடிவதற்குள் புளூ ஜேக்கள் வேலி தாண்டி எங்கள் தட்டுக்கு வந்துவிட்டன.

சனிக்கிழமை விடிந்தபோது எங்கள் வளவு முழுக்க ஒரே நீலமும் கத்தலும். மாமியின் பக்கம் ஒரு குருவிகூட இல்லை. எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. அப்பாவுக்குக் கதிரையைத் துடைத்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். கோப்பையோடு வந்தார்.

"அட, இஞ்சை வந்திட்டினம் போல" என்று என் தலையைத் தடவினார். பிறகு வழக்கம்போல வேலியைச் சுற்றி நடந்தார்.

"அப்பா, அங்கை இப்ப ஒண்டும் வாறேல்லை."

"தெரியும் பிள்ளை. நீ பாத்துக்கொண்டிரு, நான் பிறகு வாறன்."

வேலி இடுக்கால் பார்த்தேன். இருவரும் வெறும் வளவில் மாமாவின் ஜக்கெற்றோடு நின்ற அந்த வெருளியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் முதுகுக்குப் பின்னால் இத்தனை பறவைகள் கத்த, ஒரு சட்டித் தலையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை. அன்றோடு பறவைகள் மேலிருந்த பொறாமை தீர்ந்தது. அது முழுவதும் வெருளியின் மேல் திரும்பியது.