ஒரு நாடு மதம் மாறியதும் நாங்கள் கொலின்டேலுக்குப் போனதும்

லண்டனுக்கு வந்து பழைய பத்திரிகைகளைத் தேட நினைப்பவர்கள், எங்கே போவது, எவ்வளவு செலவாகும் என்று கேட்கிறார்கள். நான் முதன்முதலில் அப்படிப் போன நாளை எழுதிவிட்டு, இன்றைய நிலைமையைக் கடைசியில் சொல்கிறேன். அது 1989 பெப்ரவரி, ஒரு புதன்கிழமை. அன்றைய செலவுகள் எல்லாம் என் நோட்டுப் புத்தகத்தில் இருக்கின்றன. அன்றைய பொறாமையை நோட்டில் எழுதி வைக்கவில்லை. அதை ஞாபகத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் மாதம் வங்காளதேச நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தி இஸ்லாத்தை அரச மதமாக்கியிருந்தது. மதச்சார்பின்மையைத் தூண்களில் ஒன்றாக நட்டுக்கொண்டு பிறந்த நாடு அது. ஒரு நாடு இப்படிச் சட்டென்று மாறும்போது வெளியில் இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடி எழுதும்படி எங்கள் முதுகலை வகுப்புப் பேராசிரியை சொன்னார். வகுப்பில் பத்துப் பேர் இருந்தோம். இந்தக் கட்டுரையை அவர் இரண்டு பேரிடம் மட்டும் கொடுத்தார். ஒன்று நான், மற்றது பிரேமா. அவரிடம் சம்பளத்தோடு ஓர் ஆய்வு உதவியாளர் இடம் இருந்தது, ஒன்றே ஒன்று. எங்கள் இருவரில் யாரை எடுப்பது என்று பார்க்கிறார் என்பது வகுப்புக்கே தெரியும்.

பிரேமாவுக்கு அது ஒரு நல்ல வேலை. எனக்கு அது விசா. செப்டம்பரில் என் மாணவர் விசா முடிகிறது. முடிந்தால் யாழ்ப்பாணம் திரும்ப வேண்டும். அங்கே இந்திய இராணுவம் நின்ற காலம். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா ஒவ்வொரு கடிதத்திலும் "அவசரப்பட்டு வர வேண்டாம்" என்று கடைசி வரியில் எழுதுவார். காரணம் எழுதமாட்டார்.

பிரேமா மலேசியாவில் கிள்ளானைச் சேர்ந்தவள். தகப்பன் வழக்கறிஞர், தாய் தலைமையாசிரியை. அவளுடைய சிவப்பு மேலங்கி, ஆங்கிலம், முன்பின் தெரியாதவர்களோடு உடனே பேச்சுக் கொடுக்கும் வாய், எல்லாவற்றின் மீதும் எனக்குப் பொறாமை. ஆனால் அவளுடைய கடவுச்சீட்டின் மீதிருந்த பொறாமைக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமில்லை. அவள் நினைத்தபோது வந்து இறங்கலாம். நான் ஒவ்வொரு முறையும் தூதரகத்தின் வாசலில் நிற்க வேண்டும்.

நான் பிளேஸ்டோவில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். காலை ஒன்பது மணிக்கு நான் இறங்கி வர, வீட்டுக்கார அக்கா மறித்தார்.

"பிள்ளை, இப்ப போய் நிண்டு என்ன செய்யப் போறீர்? ஒன்பதரைக்கு முன்னம் மலிவுப் பாஸ் தரமாட்டாங்கள். இருந்து தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போம்."

அவர் சொன்னது சரி. ஒரு நாள் பாஸ் £2.30. ஒன்பதரைக்கு முன் ஏறியிருந்தால் போக வரத் தனித்தனி டிக்கெட் எடுத்து அதைவிட அதிகம் கொடுத்திருப்பேன். அக்கா பாண் ரொட்டிக்குள் சம்பல் வைத்துக் கட்டித் தந்த பொட்டலத்தோடு 9.38 ரயிலைப் பிடித்தேன். பிளேஸ்டோவிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைன், எம்பாங்மென்ட்டில் இறங்கி நோர்தேர்ன் லைன், எட்ஜ்வேர் போகும் ரயில். மாறும் நேரத்தையும் சேர்த்து ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். மாறும் இடத்தில் பலகையைப் பாருங்கள். நோர்தேர்ன் லைன் வடக்கே இரண்டாகப் பிரியும், தவறான கிளையில் ஏறினால் அரை மணி நேரம் போய்விடும்.

மைல் எண்டில் பிரேமா ஏறினாள். கடைசிப் பெட்டி என்று முன்பே பேசி வைத்திருந்தோம். போட்டியாளரோடு ஏன் சேர்ந்து போனாய் என்று கேட்கலாம். அவள்தான் கேட்டாள். மாட்டேன் என்று சொல்லும் துணிவு எனக்கு இருக்கவில்லை.

கோல்டர்ஸ் கிரீனில் ரயில் சுரங்கத்தை விட்டு வெளிச்சத்துக்கு வந்தது. பெட்டியில் எங்களைத் தவிர இரண்டு பேர்தான்.

"நீ ஏன் எப்பப் பார்த்தாலும் இப்படி உம்முன்னு இருக்கே?" என்றாள் பிரேமா. "எனக்கு எழுத ஒண்ணுமே வரல லா. எங்க ஊர்ல நான் பொறக்கறதுக்கு முந்தியே இஸ்லாம்தான் அரசாங்கச் சமயம். நாங்க பாட்டுக்குத் தைப்பூசத்துக்குப் போறோம், வாறோம். மாறினா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. உங்க ஊர்ல எப்ப வந்துச்சு?"

"எழுபத்திரண்டிலை. புத்த சமயத்துக்கு முதலிடம் எண்டு புதுச் சட்டத்திலை எழுதினவங்கள்."

"உனக்கு ஞாபகம் இருக்கா?"

"ஓம். எனக்கு அப்ப ஏழு வயசு."

"சொல்லேன்."

சொன்னேன். அப்பா தபால் கந்தோரில் எழுதுவினைஞர். புதிய அரசியலமைப்புக்கு விசுவாசமாக இருப்பதாக அரசு ஊழியர்கள் எல்லோரும் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அப்பா தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். சாப்பாட்டு மேசையில் வைத்து இரண்டு முறை வாசித்தார். என் பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்துப் போடும் அதே பேனாவை எடுத்து, அதே வடிவான கையெழுத்தைப் போட்டார். மூடியைத் திருகினார். பிறகு, கத்தரிக்காய்க் கறி இன்னும் இருக்கிறதா என்று அம்மாவைக் கேட்டார். அம்மா சட்டியோடு கொண்டுவந்து வைத்தார். அவ்வளவுதான்.

பிரேமா ஹெண்டன் தாண்டும்வரை யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலுத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

நூலகம் கொலின்டேல் நிலையத்துக்கு நேர் எதிரே இருந்தது. தெருவைக் கடந்தால் வாசல். அனுமதி இலவசம், ஆனால் வயதையும் முகவரியையும் காட்ட வேண்டும். பேனாவை வெளியே வைத்துவிட வேண்டும், பென்சில் மட்டும்தான். உள்ளே சாய்வான மேசைகள். பெரிய பெரிய கட்டுகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து வைப்பார்கள். சில பத்திரிகைகளை மட்டும் மைக்ரோஃபிலிம் படச்சுருளில் பார்க்க வேண்டும். கேட்டதிலிருந்து வர முப்பது நாற்பது நிமிடமாகும்.

நான் அங்குலம் அளக்க ஓர் அடி மட்டம் கொண்டுபோயிருந்தேன். ஆட்களிடம் கேள்வி கேட்கப் பயப்படுகிறவளுக்குத் தெரிந்த வேலை அளப்பதுதான். வங்காளதேசம் பற்றி வந்த ஒவ்வொரு செய்தியும் எத்தனை அங்குலம், எந்தப் பக்கம், யார் கண்டித்தார்கள், யார் வரவேற்றார்கள், யார் வாய் திறக்கவில்லை என்று கோடு போட்டு நிரப்பினேன். பெரிய நாடுகள் பெரும்பாலும் அது அவர்களின் உள்விவகாரம் என்ற தொனியில்தான் இருந்தன. ஆனாலும் செய்தி இருந்தது, கூட்டினால் பதினொரு அங்குலம். டாக்காவில் பெண்கள் தெருவுக்கு வந்ததை எழுதியிருந்தார்கள். கேள்வி கேட்டிருந்தார்கள்.

பிறகு, சேர்த்தே கேட்டிருந்த 1972ஆம் ஆண்டு மே மாதக் கட்டுகளைத் திறந்தேன். இலங்கை குடியரசானதும் பெயர் மாறியதும் இருந்தன. மதம் பற்றி, நான் பார்த்த இரண்டு பத்திரிகைகளில் ஒன்றில் ஒரு வரி வசனம். மற்றதில் அதுவும் இல்லை. மட்டத்தை வைத்தேன், அரை அங்குலம்கூட வரவில்லை. ஒரு நாட்டின் மீது பொறாமைப்படலாம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வெள்ளத்திலும் புயலிலும் அடிபடும் ஓர் ஏழை நாட்டின் மீது, அதற்குக் கிடைத்த பதினொரு அங்குலத்துக்காகப் பொறாமைப்பட்டேன். வெட்கமாகவும் இருந்தது. மட்டத்தை எடுக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரேமா பன்னிரண்டரைக்கே நோட்டை மூடிவிட்டாள். "போதும், வா, மனுஷங்களைப் போய்ப் பார்ப்போம்." நிலையத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து பாணைப் பாதிப் பாதியாகத் தின்றோம். சம்பல் உறைப்பில் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் என் பாதியிலும் கொஞ்சம் கேட்டு வாங்கினாள்.

1.25க்கு ஏறி 2.20க்கு ஆல்ட்கேட் ஈஸ்ட்டில் இறங்கினோம். அங்கிருந்து பிரிக் லேன் நடந்து ஐந்து நிமிடம். சில்ஹெட்டிலிருந்து வந்தவர்களின் கடைகள் தெருவின் இரு பக்கமும். ஒரு தேநீர்க் கடையில் தேநீர் 25 பென்ஸ், சமோசா 30 பென்ஸ். கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். பிரேமா முதல் மிடறு குடிக்கும் முன்பே, பேராசிரியை தந்த கட்டுரைக்கு என்று சொல்லி ஆங்கிலத்தில் கேட்டுவிட்டாள், உங்கள் நாடு இப்படிச் செய்ததைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று. நான் கோப்பைக்குள் குனிந்துகொண்டேன்.

அவர் கோபப்படவில்லை. "எழுபத்தொன்றில் நாங்கள் சண்டை போட்டது மொழிக்காக. மதம் எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. அதை, ஆட்சியைப் பிடித்த ஜெனரல் வந்து தர வேண்டியதில்லை" என்றார். உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அவருடைய மைத்துனர் எட்டிப் பார்த்து, "எனக்குச் சந்தோஷம்தான். எங்கள் நாட்டில் எங்கள் மதத்தின் பெயரைச் சொன்னால் இவருக்கு என்ன வலி?" என்றார். இருவரும் தங்கள் மொழியில் சிறிது நேரம் சத்தம் போட்டார்கள், பிறகு சிரித்தார்கள். கடைக்காரர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"அது கிடக்கட்டும். நீங்கள் இருந்து படிக்கும் இந்த நாட்டுக்கும் ஒரு அரச மதம் இருக்கிறது. மகாராணிதான் தலைவி. உங்கள் பேராசிரியை அதைப் பற்றி எழுதச் சொல்லவில்லையா?"

பிரேமா மேசையில் தட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த வசனத்தை அவள்தான் நோட்டில் எழுதினாள். அவள் கேட்டதால் கிடைத்தது, அவளுடையது. கணக்குச் சரிதான். இருந்தும் வீடு வரும்வரை அந்த ஒரு வசனம் எனக்குள் முள்ளாக நின்றது.

பத்து நாள் கழித்து வகுப்பில் இருவரும் வாசித்தோம். முதலில் நான். அட்டவணைகள், அங்குலங்கள், நாடுகளின் பட்டியல். என் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. பேராசிரியை "மிகக் கவனமான வேலை" என்றார். கவனமான என்ற சொல்லை எதற்குப் பாவிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

பிரேமா எழுந்தாள். அவளுடைய கட்டுரை தேநீர்க் கடையிலிருந்து தொடங்கவில்லை. ஒரு சாப்பாட்டு மேசையிலிருந்து தொடங்கியது. வெளியுலகம் என்றால் அரசுகள் என்று ஏன் நினைக்கிறோம், அரசு தன் மதத்தை அறிவிக்கும்போது அந்த மதத்தைச் சேராத குடிமகன்தான் முதல் வெளியாள் என்றாள். ஒரு தபால் எழுதுவினைஞர், ஒரு தாள், ஒரு பேனா. அவருடைய கை நடுங்கியது. தாளில் ஒரு துளி கண்ணீர் விழுந்தது.

குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள். எனக்கு முதலில் வந்தது கோபமில்லை. என் அப்பா இவ்வளவு அழகாகத் தெரிவதைப் பார்த்துப் பொறாமை வந்தது. பதினாறு வருடம் என்னிடம் இருந்ததை நான் பெட்டியில் வைத்துவிட்டு, மட்டத்தை எடுத்துக்கொண்டு கொலின்டேலுக்குப் போயிருக்கிறேன்.

"யார் இவர்?" என்று பேராசிரியை கேட்டார். பிரேமா என்னைப் பார்த்தாள். ஒளிக்க நினைக்கவில்லை, சொல்லப் போனால் பெருமையாகத்தான் கையைக் காட்டினாள்.

"இவளோட அப்பா. இவதான் எனக்குச் சொன்னா" என்றாள் தமிழிலேயே, பதற்றத்தில். பிறகு அதையே ஆங்கிலத்தில் சொன்னாள்.

நான் எழும்பினேன். அந்த வகுப்பில் கூப்பிடாமல் நான் எழும்பியது அந்த ஒரு தடவைதான். அப்பாவின் கை நடுங்கவில்லை என்றேன். கண்ணீரும் விழவில்லை. நடுங்கியிருந்தால் எனக்கு மறந்திருக்கும். நல்ல வடிவாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கறி கேட்டார், அதனால்தான் மறக்கவில்லை. பிறகு அம்மா பற்றிச் சொன்னேன். அப்பாவின் கந்தோரில் கையெழுத்துப் போட்ட மற்றவர்கள் ஒருவரையொருவர் சில நாள் பார்த்துக்கொள்ளாததைச் சொன்னேன். பத்து நிமிடம் பேசியிருப்பேன்.

வெளியே வந்ததும் பிரேமா என் கையைப் பிடித்தாள். "சாரி லா. கண்ணீர் நான் போட்டது. இல்லாட்டி நம்பமாட்டாங்கன்னு நெனச்சேன்."

"நம்பினவைதானே," என்றேன். கையை எடுத்துக்கொண்டேன்.

இடம் பிரேமாவுக்குக் கிடைத்தது. நான் பேசியதைப் பேராசிரியை பாராட்டினார், ஆனால் கட்டுரை அவளுடையது. நான் வழக்கறிஞர் ஒருவர் மூலம் இங்கேயே அகதியாகத் தங்க விண்ணப்பித்தேன். நேர்காணலில் உள்துறை அதிகாரி, ஊரில் என்ன நடந்தது என்று கேட்டபோது தயங்காமல் சொல்ல முடிந்தது. ஒரு முறை சொல்லிப் பழகியிருந்தேன். அனுமதி வர ஒன்றரை வருடமானது. அதன்பின் ஒரு கவுன்சில் அலுவலகத்தில் வேலை. பிரேமாவின் முதல் புத்தகம் வந்தபோது வாங்கினேன். முன்னுரையில் எனக்கு நன்றி இருந்தது. இன்றைக்கும் அந்தப் புத்தகத்தை யாராவது புகழ்ந்தால் பேச்சை மாற்றுகிறேன்.

இனி இன்றைய நிலைமை. கொலின்டேல் நூலகத்தை மூடிவிட்டார்கள், அங்கே போகாதீர்கள். பத்திரிகைகளைப் பார்க்க செயின்ட் பாங்கிராஸில் உள்ள வாசிப்பறைக்குப் போக வேண்டும். அனுமதி அட்டைக்கு முகவரிச் சான்று தேவை, வேண்டிய கட்டுகளைச் சில நாள் முன்பே பதிவு செய்யுங்கள். பென்சில் விதி மாறவில்லை. ரயிலில் இன்றும் ஒன்பதரைக்குப் பின் ஏறுவது மலிவு. பிரிக் லேனுக்கு மாலை மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் போங்கள், கடைக்காரர்களுக்குப் பேச நேரம் இருக்கும்.

தோழியோடு போவதென்றால் தாராளமாகப் போங்கள், தனியாகப் போவதைவிட அது நல்லது. ஆனால் உங்கள் வீட்டுக் கதை ஏதாவது ரயிலில் வாய்க்கு வந்தால், அடுத்த நிலையம் வரும்வரை பொறுத்து, முதலில் உங்கள் நோட்டில் எழுதுங்கள். அதற்குப் பிறகு அவளுக்குச் சொல்லுங்கள்.