இல்லாத மாமியாருக்கு எடுத்த அறை

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். மாசி மாதம். சிங்காநல்லூரில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் முன்னறையில் உட்கார்ந்துகொண்டு, கண்ணூர் பக்கத்துக் கடற்கரை லாட்ஜ்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்துகொண்டிருந்தேன். உட்கார்ந்துகொண்டு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, நான் எப்போதும் உட்கார்ந்துதான் இருக்கிறேன். அதற்கும் ஐந்து வருடம் முன்னால் ஒரு விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி.

விபத்து பெரிய கதையில்லை. மில்லில் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்த என்னை என் வீட்டுக்காரர் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்தார். குறுக்கே ஒரு நாய் ஓடியது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, எனக்கு இது. அதற்குப் பிறகு நான் கேட்ட எதற்கும் அவர் மாட்டேன் என்று சொன்னதே இல்லை. அதனாலேயே நான் எதையும் அதிகம் கேட்பதில்லை.

கடலை மட்டும் கேட்டேன்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரே ஒரு தடவை கன்னியாகுமரிக்குச் சுற்றுலா போயிருக்கிறேன். கடற்கரையில் அரைமணி நேரம்கூட நிற்கவிடவில்லை. ஆனால் அலை திரும்பிப் போகும்போது காலுக்கடியில் இருந்த மணலை உருவிக்கொண்டு போனதே, அந்தக் கூச்சம் எனக்கு மறக்கவேயில்லை. கல்யாணமான பிறகு வருடா வருடம் கடலுக்குப் போகலாம் என்று பேசுவோம். வீட்டுக்காரருக்கு மோட்டார் வைண்டிங் கடையில் வேலை. கோடையில் பம்புசெட் மோட்டார்கள் வரிசையாக எரிந்துபோய் வரும், லீவு கிடையாது. மழைக்காலத்தில் கடலுக்கு யார் போவார்கள்? அடுத்த வருடம், அடுத்த வருடம் என்றே தள்ளிக்கொண்டு வந்தோம். நடக்க முடிந்த காலமெல்லாம் அப்படியே போய்விட்டது.

வீட்டிலிருந்தபடி சேலைகளுக்குக் குஞ்சம் கட்டிக் கொடுக்கிறேன். விரல்கள் பாட்டுக்கு முடிச்சுப் போடும், மனசு எங்காவது சுற்றப் போய்விடும். என் மனசு சுற்றியதெல்லாம் ஒரே இடம்தான். கடலை ஒட்டி ஒரு சின்ன அறை. பார்த்துவிட்டு உடனே திரும்புவதில்லை, இரண்டு ராத்திரி தங்க வேண்டும். காலையில் கண் விழித்ததும் முதலில் காதில் விழுவது அலைச் சத்தமாக இருக்க வேண்டும். எங்கள் தெருவில் முதலில் காதில் விழுவது தண்ணீர் லாரியின் ஹாரன்.

போனில் முதல் நான்கு லாட்ஜ்களிடம் உண்மையைத்தான் சொன்னேன். முதல் ஆள் அறை இருக்கிறது என்றவர், சக்கர நாற்காலி என்றதும் இல்லை என்றார். இரண்டாவது இடத்தில் எல்லாமே மாடி. மூன்றாவது ஆள், கூட நர்ஸ் வருவாரா என்று கேட்டார். நான்காவது ஆள் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே, போனை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுக்கச் சொன்னார். எல்லாவற்றையும்விட அதுதான் சுருக்கென்று இருந்தது. எனக்குக் கால்தான் வராது, பேச்சு நன்றாகத்தான் வரும்.

ஐந்தாவது இடத்தில் பொய் சொன்னேன்.

எடுத்தது ஒரு பெண். ஆறே அறைகள் உள்ள சின்ன லாட்ஜ் என்றும், தானே நடத்துவதாகவும் சொன்னார். சின்ன வயதில் திருப்பூர் பனியன் கம்பெனியில் சில வருடம் வேலை பார்த்தவராம், தமிழ் நன்றாகப் பேசினார். கீழ்த்தளத்தில் கடலைப் பார்த்த அறை ஒன்று இருக்கிறது, யாருக்கு என்று கேட்டார். நானும் வீட்டுக்காரரும் மாமியாரும் வருகிறோம் என்று வாயில் வந்துவிட்டது. மாமியாருக்கு முட்டிவலி, படியேற முடியாது என்றும் சேர்த்துக்கொண்டேன்.

எனக்கு மாமியார் கிடையாது. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன், ஒல்லியான மனுஷி.

ஆனால் எனக்குப் பருமனான மாமியார் தேவைப்பட்டார். குளியலறைக் கதவின் அகலம் தெரிய வேண்டுமே. மறுநாள் போன் செய்து, மாமியார் கொஞ்சம் பெரிய உடம்புக்காரர், கதவு எவ்வளவு அகலம் என்று கேட்டேன். அதற்குள் அவரை மலையாளத்தில் அக்கா என்கிற மாதிரி சேச்சி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன். சேச்சி சிரித்துக்கொண்டே டேப் எடுத்துப் போய் அளந்து, இருபத்தெட்டு அங்குலம் என்றார். என் நாற்காலி இருபத்தைந்து. இன்னொரு நாள் வாசல்படி பற்றிக் கேட்டேன். ஒரே ஒரு படி. அதை வீட்டுக்காரர் தூக்கிவிடுவார். அப்புறம் ஒரு நாள், மாமியாருக்காகக் கேட்பதாகச் சொல்லிக் கட்டிலின் உயரம் கேட்டேன். பத்தொன்பது அங்குலம். என் நாற்காலியின் இருக்கையும் அதே உயரம். அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு நானாகவே நகர்ந்து படுக்கலாம், யாரும் தூக்க வேண்டியதில்லை.

மூன்று வாரத்தில் எட்டு தடவையாவது பேசியிருப்போம். சேச்சி ஒவ்வொரு முறையும் மாமியாரின் முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்காமல் வைக்கமாட்டார். நானும் இன்று தேவலை, நேற்று வீக்கமாக இருந்தது என்று ஏதாவது சொல்வேன். வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே இதைக் கேட்டுவிட்டு ஒரு நாள் சொன்னார்.

"எதுக்கு அம்மணி இத்தன பொய்யி? அந்தம்மா நல்லவங்களாட்டத் தெரியுது. நேரா சொல்லிப்போடு."

"சொன்னா ரூம் இல்லைன்னு சொல்லிப்போடுவாங்க. அங்க போய்ப் பாத்துக்கலாமுங்க" என்றேன்.

வீட்டுக்காரர் கடையில் கெஞ்சி மூன்று நாள் லீவு வாங்கினார். காலை ரயிலில் கிளம்பி, மதியம் கண்ணூரில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போனோம். தென்னை மரங்களுக்கு நடுவில் சுண்ணாம்பு உதிர்ந்த நீல நிறக் கட்டடம். வண்டி நின்றதுமே சத்தம் கேட்டது. கடல் கண்ணில் படவில்லை, கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வேகமாக வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எனக்கு அந்தப் பக்கம் குனிந்து ஆட்டோவுக்குள் தேடினார்.

"அம்ம எங்க மோளே? பின்னாடி வேற வண்டியில வர்றாங்களா?"

வீட்டுக்காரர் மடக்கிய நாற்காலியை எடுத்து விரித்துக்கொண்டிருந்தார். கடைசி நேரத்தில் மாமியாருக்குக் காய்ச்சல் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"போதும் கண்ணு" என்றார், மெதுவாக.

"மாமியார்னு யாரும் இல்லீங்க சேச்சி" என்றேன். "கேட்டதெல்லாம் எனக்குத்தானுங்க. எனக்கு நடக்க வராது."

சேச்சி நாற்காலியைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். திரும்பி உள்ளே போய்விட்டார்.

ஆட்டோக்காரர் இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். இப்படியே ஸ்டேஷனுக்குத் திரும்பிவிடலாம் என்று நான் நினைத்தபோது, உள்ளே இரும்புக் கட்டிலை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு சேச்சியின் குரல், ஒரு கை பிடிக்க ஆள் வேண்டும் என்று. வீட்டுக்காரர் ஓடினார்.

என்ன நடந்தது என்று அவர் வந்து சொன்னபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான் கட்டிலின் உயரத்தைக் கேட்டதும், முட்டிவலிக்காரருக்குத் தாழ்வான கட்டிலிலிருந்து எழுந்திருப்பது கஷ்டம் என்று சேச்சி நினைத்திருக்கிறார். தச்சரைக் கூப்பிட்டு நான்கு மரக்கட்டைகள் அறுக்க வைத்து, கட்டிலின் கால்களுக்கு அடியில் கொடுத்து, அரையடி உயர்த்தி வைத்திருக்கிறார். மேஜைமேல் முட்டிக்குத் தடவ ஒரு பாட்டில் தைலம் வேறு. அந்த உயரத்தில் நான் நானாக ஏறவே முடியாது. எனக்கு உதவி செய்ய நினைத்தவரிடம் பொய்யைக் கொடுத்து, எனக்கு எதிராகவே வேலை செய்ய வைத்திருக்கிறேன். இப்போது அந்தக் கட்டைகளை அவரே உருவிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கடலைப் பார்த்த வராந்தாவில் தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சேச்சி பக்கத்தில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்டேன். சாரமில்ல, பரவாயில்லை என்றார். எனக்கு ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நான் நேரா சொல்லியிருந்தா ரூம் குடுத்திருப்பீங்களா சேச்சி?"

சேச்சி யோசித்தார்.

"கொடுத்திருக்கமாட்டேன்னுதான் தோணுது மோளே. பேடிதான், பயம். நீ விழுந்தா, ஏதாச்சும் ஆனா, நான் ஒத்தைக்கு என்ன செய்யறதுன்னு." என் தம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "ஆனா, இல்லைன்னு சொல்லவும் நீ என்னை விடல, வான்னு சொல்லவும் விடல. அதான் எனக்குச் சங்கடம்."

நல்லவர்கள் என்றால் கண்டிப்பாகக் கொடுத்திருப்பேன் என்றுதான் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். அவர் அப்படிச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

கதவு, படி, கட்டில் எல்லாம் அளந்தவள் ஒன்றை மறந்துபோனேன். மணல். வராந்தாவுக்கு அந்தப் பக்கம் நாற்பது தப்படியில் கடல், நடுவில் மணல். வீட்டுக்காரர் தள்ளிப் பார்த்தார். சக்கரம் முதல் முழத்திலேயே புதைந்துவிட்டது. தூக்கிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டார். கடற்கரையில் ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் பார்க்க, குழந்தையைப் போல அவர் கையில் கிடந்து போக எனக்கு மனசு வரவில்லை. வேண்டாம் என்றேன். அன்று இருட்டும்வரை வராந்தாவிலேயே இருந்தேன். வீட்டில் இருந்தபோது கடல் எத்தனையோ மைல் தள்ளி இருந்தது, அதைத் தாங்க முடிந்தது. நாற்பது தப்படியைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை அலைச் சத்தத்தில்தான் கண் விழித்தேன். நான் கேட்டது அது ஒன்றுதானே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

காப்பியோடு வந்த சேச்சி, வீட்டுக்காரரைப் பார்க்காமல் நேரே என்னிடம் கேட்டார். "உனக்கு வெள்ளம் வரைக்கும், தண்ணி வரைக்கும் போகணுமா? எப்படிப் போகணும்னு நீ சொல்லு, அப்படிச் செய்யலாம்."

மருத்துவமனையிலும் கல்யாண வீட்டிலும் பஸ்ஸிலும் என்னைப் பற்றிய கேள்வியெல்லாம் வீட்டுக்காரரிடம்தான் வரும். சேச்சி கேட்ட விதத்தில் என் கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை. கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி இருந்தால் போதும், இடுப்பைச் சேர்த்து ஒரு துண்டால் கட்டிவிடுங்கள், ஆளுக்கொரு பக்கம் பிடியுங்கள் என்றேன். அப்படியே செய்தார்கள். நாற்பது தப்படிக்குள் நான்கு இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். ஈர மணலில் நாற்காலியை வைத்துவிட்டு, சாயாமல் இருக்கப் பின்னால் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு அலை வந்தது. என் பாதத்தை மூடி, கணுக்காலைத் தாண்டி ஏறி, திரும்பிப் போனது. விரல்களுக்கு நடுவே மணல் ஓடுவதைப் பார்த்தேன். பார்க்கத்தான் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. தெரியாது என்று எனக்குத் தெரியாதா? ஐந்து வருடமாகக் காலில் கொதிக்கிற தண்ணீர் பட்டாலும் தெரியாதவள் நான். ஆனால் குஞ்சம் கட்டிக்கொண்டு நினைத்த நினைப்பிலெல்லாம் என் கால் கூசியது. அதை நம்பியே அத்தனை தூரம் வந்திருக்கிறேன்.

வீட்டுக்காரர் சந்தோஷமாக, "ஜில்லுன்னு இருக்குதா?" என்று கேட்டுவிட்டார். கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

நான் ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைக் கீழே விட்டேன். அடுத்த அலைக்குக் காத்திருந்தேன். அது வந்து உள்ளங்கையில் மோதி, திரும்பும்போது விரலிடுக்கில் இருந்த மணலை உருவிக்கொண்டு போனது.

"இருக்குதுங்க" என்றேன். "ஜில்லுன்னு இருக்குதுங்க."

வெகுநேரம் அங்கேயே இருந்தோம். வீட்டுக்காரர் பேன்ட் நனைய என் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அறைக்குத் திரும்பியதும், சிப்பி கிழித்திருந்தால் எனக்குத் தெரியாதே என்று என் இரண்டு பாதங்களையும் மடியில் வைத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் எங்கும் போகவில்லை. அவருக்கு லீவு அமைவதில்லை, எனக்கும் இடையில் ஒரு முறை படுக்கைப்புண் வந்து மூன்று மாதம் போய்விட்டது. ஆனாலும் போன் செய்வதை விடவில்லை. ராமேஸ்வரம், வர்க்கலை, தரங்கம்பாடி என்று ஒவ்வொரு ஊராகக் கேட்டு வைக்கிறேன். எடுத்த எடுப்பில், நான் சக்கர நாற்காலியில் வருவேனுங்க என்று சொல்லிவிடுகிறேன். அறை இல்லை என்று சொல்கிறவர்கள் இன்னமும் சொல்கிறார்கள், அது இன்னமும் சுருக்கென்றுதான் இருக்கிறது. ஆனால் வரப்போவது யார், எப்படி என்று முழுசாகத் தெரிந்துகொண்ட பிறகும் ஒருவர் வாங்க என்று சொல்வாரே, கடலுக்கு ஏங்கியதைப் போலவே இப்போது அந்த ஒரு சொல்லுக்காகவும் ஏங்கிக்கொண்டிருக்கிறேன்.