மாடு பிடுங்கிய குச்சி

பால்காரம்மாவுக்கு எதிலும் முன்னால் நின்று பழக்கமில்லை. போட்டோ எடுத்தால்கூட யாராவது ஒருவர் தோளுக்குப் பின்னால் பாதி முகமாகத்தான் இருப்பார். அப்படிப்பட்டவரை ஒரே காலையில் ஊருக்குத் தலைவியாக்கிய பெருமை அவருடைய செவலைப் பசுவைத்தான் சேரும்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தரிசாகக் கிடந்த புல்வெளியில் வீடுகள் கட்டப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. அளவெடுக்க வந்தவர்கள் சிவப்பு ரிப்பன் கட்டிய மரக்குச்சிகளை வரிசையாக அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அன்று காலை பால்காரம்மா மாடு கட்டும் இரும்பு முளையை வீட்டிலேயே மறந்துவிட்டார். டீக்கடைக்குப் பால் ஊற்ற நேரமாகிவிட்டது. கண்ணெதிரே குச்சி நிற்கிறது. மாடு வளர்ப்பவர் கண்ணுக்கு, தரையில் ஒரு குச்சி அடித்திருந்தால் அது மாடு கட்டத்தான். ரிப்பனைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. கட்டிவிட்டுப் போய்விட்டார்.

செவலையின் கழுத்துக்கு அந்தக் குச்சி எந்த மூலைக்கு? ஒரே இழுப்பு. பிடுங்கிக்கொண்டு, அம்மாவைத் தேடி நேராக டீக்கடைக்கே வந்து நின்றது. கழுத்தில் கயிறு, கயிற்றின் முனையில் குச்சி, குச்சியில் ரிப்பன் புழுதியில் புரண்டுகொண்டு.

கடையில் எல்லாரும் ரிப்பனைப் பார்த்தார்கள். பிறகு பெஞ்சில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

"அக்கா! நாங்க வாயாலேயே பேசிக்கிட்டு இருந்தோம். நீங்க செஞ்சே காட்டிட்டீங்க!" என்றார் டீக்கடைக்காரர். வீடு வரவே கூடாது என்று ஊரில் முதலில் கொடி பிடித்தவர் அவர்தான்.

"ஐயோ, அது இல்ல தம்பி, இந்தக் கழுதை..."

"அடக்கத்தைப் பாரேன்! அக்காவுக்கு ஒரு டீ போடு, சர்க்கரை தூக்கலா!"

டீயைக் குடித்து முடிப்பதற்குள், பெஞ்சில் இருந்தவர்கள் புல்வெளிக்குப் போய் மிச்சக் குச்சிகளையும் பிடுங்கிவிட்டார்கள். 'அக்கா வழியில் நாங்கள்' என்று ஒருவர் கத்தியதும் காதில் விழுந்தது. பால்காரம்மா தன் குச்சியைப் புடவைத் தலைப்பில் துடைத்து, மாட்டுக்கொட்டகையின் கூரையில் செருகி வைத்தார். எறிய மனம் வரவில்லை.

அவர் மனதில் இருந்தது யாருக்கும் தெரியாது. அந்த வீடுகள் வந்தே தீர வேண்டும் என்று ஊரிலேயே அதிகம் ஆசைப்பட்டவர் அவர்தான்.

மகள் நகரத்தில், மூன்றாவது மாடியில், ஒற்றை அறையில் குடியிருந்தாள். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே இருக்கிற இடம்தான் பேத்திக்கு விளையாட்டு மைதானம். தண்ணீர் கீழேயிருந்து வாளியில் ஏற வேண்டும். ஊருக்கே வந்துவிடலாம் என்றால் இங்கே இருப்பது இரண்டே அறை. அதில் மகனும் மருமகளும் குழந்தைகளும். ஊரில் வாடகைக்கு ஒரு கோழிக்கூடுகூடக் கிடைக்காது. புதிய வீடுகளில் பாதி இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் என்று அறிவித்திருந்தார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து பால்காரம்மாவுக்குக் கறக்கும்போதுகூடக் கை ஒரு தினுசாக வேகம் பிடித்தது. புல்வெளி போனால் மேய்ச்சல் போகும், இரண்டு மாட்டில் ஒன்றை விற்க வேண்டிவரும். அதையும் யோசித்து முடித்துவிட்டார். செவலையிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தார். ஒருவேளை அந்தக் கோபத்தில்தான் பிடுங்கியதோ என்றுகூட இப்போது ஒரு சந்தேகம்.

சாயங்காலம் மகளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, நீதான் குச்சியைப் பிடுங்குனியாமே? அண்ணி சொன்னாங்க. ஊரே உன்னைத்தான் பேசுதாம்."

"அது வந்துடி..." மருமகள் பக்கத்து அறையில் இருந்தாள். அவள் காதில் விழுந்தால் பொழுது விடிவதற்குள் விஷயம் டீக்கடைக்குப் போய்விடும்.

மகள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பரவாயில்லம்மா. உன் மாட்டுக்கும் மேய இடம் வேணுமில்ல. நாங்க எப்படியோ சமாளிச்சுக்குவோம். பாப்பா தூங்கறா, வச்சிடட்டுமா?"

கோபப்பட்டிருந்தால் தேவலை. அந்தப் 'பரவாயில்லம்மா' பால்காரம்மாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

புருஷனிடம் மட்டும் வாய் திறந்தார். அவர் டிராக்டர் ஓட்டுபவர். எதையும் முன்னால் பார்த்துத்தான் பேசுவார்.

"பேசாம இரு. பாதிப் பாலை வாங்கறவரு டீக்கடைக்காரரு. பால் ஊத்தற இடத்துல போய் வாயைக் கொடுக்காதே."

"அப்போ நம்ம பொண்ணு?"

அவர் டிராக்டர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

வீட்டுத் திட்ட அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்து பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார். பெரியவர்கள் எல்லாம் முட்டி தாடையில் இடிக்க, குழந்தைகளின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். டீக்கடைக்காரர்தான் முதலில் எழுந்தார். "இருக்கிற கிணத்துத் தண்ணியே கோடையில எங்களுக்கு எட்டல. இன்னும் இத்தனை குடும்பம் வந்தா எதைக் குடிக்கறது?" அதில் நியாயம் இருந்தது, நிறைய தலைகள் ஆடின. எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஒன்று வயலில் இறங்க வேண்டியிருக்கிறது என்றார் லாரிக்காரர். வருகிறவர்கள் யார் எவரோ, வாசல் கதவைத் திறந்துபோட்டு இனிமேல் தூங்க முடியுமா என்று கேட்டார் ஒரு பெரியம்மா. தலைமையாசிரியை மட்டும் மெல்லிய குரலில், "புதுசா பிள்ளைங்க வரலன்னா இந்தப் பள்ளிக்கூடத்தையே மூடிடுவாங்க. அப்புறம் கூட்டம் போடக்கூட இடம் இருக்காது" என்றார்.

"இப்போ நம்ம அக்கா பேசுவாங்க!" என்று டீக்கடைக்காரர் அறிவித்தார். கைதட்டல்.

பால்காரம்மா எழுந்தார். ஒளிந்துகொள்ள முன்னால் ஒரு தோள் இல்லை. கையில் மடித்துப் பிடித்திருந்த பையிலிருந்து அந்தக் குச்சியை எடுத்தார். கைதட்டல் இன்னும் பலமானது.

"இதை நான் பிடுங்கல," என்றார். "என் மாடு பிடுங்குச்சு. நான் முளையை மறந்துட்டு இதுல கட்டிட்டுப் போயிட்டேன். மாட்டுக்கு இந்தத் திட்டத்தைப் பத்தி எந்தக் கருத்தும் கிடையாது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பால்காரம்மா சிரிக்கவில்லை.

"எனக்கு இருக்கு. என் பொண்ணு இந்தப் பெஞ்சுலதான் படிச்சா. இன்னிக்கு மூணாவது மாடியில தண்ணி தூக்கறா. யாரு எவரோ வந்துடுவாங்கன்னு சொல்றீங்க. வரப்போறது அவதான். அவளை உங்களுக்குத் தெரியாதா? தம்பி, உன் கடையில பன் வாங்கித் தின்னுட்டு, அம்மா தருவாங்கன்னு ஓடிவருவாளே, அவதான். தண்ணி பத்தலன்னா முதல்ல கிணறு வெட்டச் சொல்லுவோம். வீடே வேணாம்னு சொல்லாதீங்க."

குச்சியை அதிகாரியின் மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த சத்தம் அடங்குவதற்குள் பின்வரிசையில் தையல்காரர் எழுந்தார். "என் பையனும் வரணும்னுதான் இருக்கான். வெளியே சொன்னா என்ன நினைப்பீங்களோன்னு இருந்தேன்." பிறகு இன்னொருவர்.

கூட்டத்தில் எதுவும் முடிவாகவில்லை. முதலில் ஆழ்குழாய்க் கிணறு, வீடுகளைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு மறுபடி அளவெடுப்பது என்று அதிகாரி எழுதிக்கொண்டு போனார்.

மறுநாள் டீக்கடை வாசலில், பால் ஊற்ற வழக்கமாக வைக்கும் கேன் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பால்காரம்மா ஒன்றும் கேட்காமல், மிஞ்சிய பாலை உறை ஊற்றினார். வீடெல்லாம் தயிர். மருமகள் முனகினாள், புருஷன் மட்டும், "தயிர் நல்லாத்தான் இருக்கு," என்று இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் குழந்தையோடு வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கியவள் டீக்கடையைத் தாண்டித்தான் வர வேண்டும். பால்காரம்மா தெருமுனையிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரர் தலையைத் தூக்கவில்லை. மகள் கடந்து போன பிறகு, "ஏய்," என்று கூப்பிட்டு, குழந்தையின் கையில் ஒரு பன்னைத் திணித்தார். "உங்கம்மாகிட்ட சொல்லு. பாக்கெட் பால்ல டீ டீயாவே இல்லையாம். எல்லாரும் திட்டறாங்க. கேனை நாளைக்கு வைக்கறேன். ஆனா கிணறு வெட்டாம ஒரு செங்கல் விழக்கூடாது, அதையும் சொல்லு!"

"அம்மா இதோ நிக்கறாங்களே, நீங்களே சொல்லுங்க," என்றாள் மகள்.

"நான் அவங்ககூடப் பேசறதில்ல," என்றார் அவர், பால்காரம்மாவைப் பார்த்துக்கொண்டே.

அம்மாவும் மகளும் புல்வெளிக்குப் போனார்கள். குச்சிகள் பிடுங்கிய குழிகளில் புல் முளைக்கத் தொடங்கியிருந்தது. செவலை இரும்பு முளையில் ஒழுங்காகக் கட்டுண்டு மேய்ந்தது. குழந்தைக்கு இவ்வளவு இடத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை; முதலில் சும்மா நின்றது, பிறகு ஓடியது, திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் தூரம் ஓடியது.

"இன்னும் ஒண்ணும் முடிவாகலைம்மா," என்றாள் மகள்.

"தெரியும்டி. இங்க வந்து நில்லு." பால்காரம்மா அவளைத் தோளைப் பிடித்து ஓரிடத்தில் நிறுத்தினார். "அடுப்படி ஜன்னல் இந்தப் பக்கம் வரட்டும். கொட்டகையில நான் பால் கறக்கறது உனக்குத் தெரியும்."

மகள் நகராமல், அந்தப் பக்கமே பார்த்தபடி நின்றாள்.