சிவனின் நெற்றிக்கண்ணும் என் டெஸ்லா கொயிலும்

பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் சகோதரர்களே, ஊரார் சாமானைத் திருத்துவது தொழில், நாமே செய்த சாமானைத் திருத்துவது தண்டனை. பதுளை பஜாரில் டீவி, ஃபேன் என்று கழற்றிப் பூட்டிப் பிழைக்கிற எனக்கு அந்தத் தண்டனை போன மாசி மாதம் கிடைத்தது.

கைபேசியில் யாரோ செய்வதைப் பார்த்து ஆசைப்பட்டு, நானும் சின்னதாக ஒரு டெஸ்லா கொயில் செய்து மேசையில் வைத்திருந்தேன். பிவிசி குழாயில் மெல்லிய செப்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்ற வேண்டும். அடியில் தடித்த வயரைச் சில சுற்றுப் போட வேண்டும். மொஸ்பெட் என்ற சின்னச் சாமான்களால் கரண்டை வேகமாகத் தட்டித் தட்டி விட்டால், குழாயின் உச்சியில் ஊதா நிறத்தில் குட்டி மின்னல் கிளம்பும். கிளம்ப வேண்டும். கிளம்பாத கதைதான் இது.

நெருப்பில்லாத சிவன்

செல்வராஜ் அண்ணன் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலை பெக்டரி அடுப்புக்கு விறகு தள்ளுபவர். வருடா வருடம் காமன் கூத்தில் சிவன் வேசமும் அவருக்குத்தான். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்ததும் கம்பியில் கட்டிய வாணம் சீறிக்கொண்டு போய்க் காமனாகக் கட்டி வைத்த ஓலைக் குடிலை எரிக்க வேண்டும். முந்தின வருடம் தூறலில் வாணம் நனைந்துவிட்டது. சிவன் கண்ணைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். காமன் சுகமாக இருந்தான். கடைசியில் யாரோ மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திக் காரியத்தை முடித்தார்கள்.

ஃபேனை எடுக்க வந்த அண்ணன், என் சின்னக் கொயிலுக்குப் பக்கத்தில் வயரே இல்லாமல் டியூப் லைட் எரிவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "நானா, இதையே பெருசா செஞ்சு தாங்க" என்று பிடித்துக்கொண்டார். எங்கள் பக்கம் முஸ்லிம் ஆட்களை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த முறையும் எரியாவிட்டால் சிவன் வேசம் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு ஆட்களுக்குப் போகும் என்று கூத்து மாஸ்டர் சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வேசம் போவதைவிடப் பெரிய நோவு ஒன்று இருந்தது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனால், ஒரு வருடமாக அவரிடம் ஒரே கேள்விதானாம்: "சிவபெருமானே, ஒரு பீடி பத்த வைக்க நெருப்பு இருக்குமா?"

பேச்சு மூச்சு இல்லை

பெரிய கொயிலைச் சுற்றி முடித்து, பிஸ்மி சொல்லி சுவிட்சைப் போட்டேன். மின்னல் இல்லை. ஒரு முனகல்கூட இல்லை. மொஸ்பெட்டை அளந்தேன், நன்றாக இருந்தது. கம்பி எங்காவது அறுந்திருக்குமோ என்று மீற்றர் வைத்தேன், அறுந்திருக்கவில்லை. வீட்டில் சோறு இறங்கவில்லை. பெண்சாதி யாருக்குச் சுகமில்லை, யாருக்கு வருத்தம் என்று கேட்டாள். கொயிலுக்கு என்று எப்படிச் சொல்வது?

கடைசியில் பார்த்தால், அடியில் சுற்றிய தடித்த வயரின் இரண்டு முனைகளையும் இடம் மாற்றிப் பூட்டியிருக்கிறேன். இந்த ரகக் கொயில் தன் துடிப்பைத் தானே கவனித்து அதற்கேற்பத் தட்டுகிற சாமான். முனை மாறினால் தள்ள வேண்டிய நேரத்தில் இழுக்கும், இழுக்க வேண்டிய நேரத்தில் தள்ளும், மொத்தத்தில் ஒன்றும் நடக்காது. மாற்றிப் பூட்டியதும் ஒரு சாண் நீளத்துக்கு மின்னல் சீறியது. நான் கடையே அதிரக் கத்தினேன். பக்கத்துத் தையல் கடை மணி அண்ணன் ஓடி வந்து வாசலில் நின்றார். வாழ்த்தத்தான் வந்தார் என்று நினைத்துப் பல்லைக் காட்டினேன். அவர் கடை ரேடியோவில் கிரிக்கெட் நேர்முக வர்ணனை போய்க்கொண்டிருந்ததும், என் மின்னல் வந்ததும் அது வெறும் இரைச்சலாகிவிட்டதும் எனக்கு எப்படித் தெரியும்? அண்ணன் மரியாதையாகத்தான் சொன்னார்: "நானா, மின்னல் நல்லாத்தான் இருக்கு. கடைசி ஓவர் முடிஞ்ச பொறகு அடிக்க விடுங்க."

வெடிக்கிற வியாபாரம்

மின்னல் வர ஆரம்பித்த பிறகு மொஸ்பெட் போக ஆரம்பித்தது. சூடு ஏறி ஏறி, தீபாவளிப் பட்டாசு மாதிரி படாரென்று வெடிக்கும். உங்களுக்கும் தெரியும், வெடித்த சாமானின் அந்த நாற்றம் கடையை விட்டு லேசில் போகாது.

ஒரு நாள் வெலிமடையிலிருந்து ஓர் அம்மா ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "சோறு வேகுது தம்பி, ஆனா லைட் எரிய மாட்டேங்குது" என்றார். இது அஞ்சு நிமிட வேலை, உட்காருங்கள் என்று நான் வாய் நிறையச் சொல்லி முடிப்பதற்குள், பின்னால் மேசையில் இரண்டு மொஸ்பெட் ஒன்றாக வெடித்து, புகை என் தலைக்கு மேலே எழுந்தது. நான் அசையாமல் சிரித்துக்கொண்டே நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், குக்கரை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். "இருக்கட்டும் தம்பி, நாங்க விறகு அடுப்புலயே ஆக்கிக்கிறோம்."

குழாயடி

பழைய கம்ப்யூட்டரிலிருந்து ஒரு காற்றாடியைக் கழற்றிப் பூட்டியதும் சூடு அடங்கியது. கொயிலைப் படுக்கை விரிப்பில் சுற்றி, பசறை பஸ்ஸில் பிள்ளையைப் போல மடியில் சாய்த்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். கூத்து நடக்கும் காமன் பொட்டல், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே இருந்தது. கொயிலின் அடி முனையை மண்ணோடு இணைக்க வேண்டும். நான் சோம்பல்பட்டு, பொட்டலோரமாக ஓடிய இரும்புத் தண்ணீர்க் குழாயில் வயரைச் சுற்றிவிட்டேன்.

சுவிட்சைப் போட்டதுதான் தாமதம், மேலே லயத்துப் பக்கம் பெரிய சத்தம். குழாயடியில் வாளி வைத்திருந்த பெண்கள் எல்லோரும் கையை உதறிக்கொண்டு நின்றார்கள். சுள்ளென்று இருந்ததே தவிர யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அல்லாஹ் காப்பாற்றினான். உடனே வயரைப் பிடுங்கி, ஒரு கம்பியை அலவாங்குக் கடப்பாரையால் நிலத்தில் அடித்து அதில் மாட்டினேன். அதற்குள் ஓர் அக்கா வெறும் வாளியோடு இறங்கி வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "தண்ணி வராத நாளு இருக்கு, கலங்கி வார நாளு இருக்கு. இது என்னா நானா, புதுசா தண்ணி கடிக்குது?"

சந்தனம் பூசிய கொயில்

கூத்தன்று மாலை கடைசியாக ஒரு தரம் போட்டுப் பார்த்தேன். குடிலின் உச்சியில் வைக்கப்போகும் கற்பூரத்தையும் பஞ்சையும் ஒரு தகரத் தட்டில் வைத்ததும், மின்னல் அழகாகப் பற்ற வைத்தது. அண்ணன் கைகூப்பினார். பிறகு பூசாரி ஐயா வந்தார். காமன் பொட்டலில் வைக்கிற எதுவும் பூசை இல்லாமல் இருக்கக் கூடாதாம். மஞ்சள் தண்ணீர் தெளித்தார். குழாயைச் சுற்றி ஈர விபூதியால் மூன்று பட்டை இழுத்தார். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலையும் போட்டார். கொயிலுக்கு ஈரம் ஆகாது என்று என் நாக்கு நுனி வரை வந்தது. அவர்கள் சாமி காரியத்தில் நான் எப்படிக் குறுக்கே பேசுவது என்று விழுங்கிவிட்டேன்.

பொழுது புலரும் நேரம் தகனம். அந்தத் தோட்டத்து வழக்கப்படி சிவன் ஒற்றைக் காலில் தவம் நிற்பார், காமன் எரிந்த பிறகுதான் மற்றக் காலைக் கீழே வைக்கலாம். நீலச் சாயம் பூசிய செல்வராஜ் அண்ணன் கண்ணைத் திறந்து கர்ஜித்தார். குடிலுக்குப் பின்னால் கொயிலோடு ஒளிந்திருந்த நான் சுவிட்சைப் போட்டேன். கொயிலின் உச்சியில் ஒன்றுமில்லை. இரவுப் பனியில் காயாத விபூதிப் பட்டையில் மட்டும் நீலமாக என்னவோ நெளிந்து ஓடியது. சனம் முணுமுணுத்தது. மாஸ்டர் நிலைமையைப் புரிந்துகொண்டு தப்பு மேளம் அடிப்பவர்களுக்குக் கை காட்ட, அடி நீண்டுகொண்டே போனது. அண்ணன் அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடினார். ஒவ்வொரு தரமும் அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. அதைக் கேட்க என்னால் முடியவில்லை.

பிளக்கைப் பிடுங்கினேன். மாலையைக் கழற்றினேன், ஆனால் சாமி மாலையைத் தரையில் போட மனம் வரவில்லை. என் கழுத்திலேயே போட்டுக்கொண்டேன். சட்டையைக் கழற்றிக் குழாயை அடி முதல் நுனி வரை துடைத்துத் துடைத்து, பிளக்கைக் குத்தி சுவிட்சைப் போட்டேன். சடசடவென்று மின்னல் இறங்கியது. காமன் குபீரென்று எரிந்தான். பொட்டலே எழுந்து கத்தியது. நான் சட்டையில்லாமல், கழுத்தில் மாலையோடு, உடம்பெல்லாம் விபூதியோடு புகைக்குள்ளிருந்து எழுந்து நின்றேன். பூசாரி ஐயா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பூசை போட்டதாலதான் நானா, சுணங்கியாச்சும் வந்துச்சு" என்றார்.

சனத்தை விலக்கிக்கொண்டு செல்வராஜ் அண்ணன் நொண்டி நொண்டி வந்து என் இரண்டு தோளையும் இறுகப் பிடித்தார். சாயம் கன்னத்தில் கோடு கோடாக வழிந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, ஒளிப்பானேன். நன்றி சொல்லத்தான் பிடித்திருக்கிறார் என்று நினைத்து, நானும் அவரைத் தழுவப் போனேன். அவர் காதோடு சொன்னார்: "விட்டுறாதீங்க நானா, காலு மரத்துப் போச்சு. எங்கயாச்சும் உக்கார வைங்க, உக்காந்துதான் அழணும்."

பழுதைத் தேடுகிற நேரமெல்லாம் நமக்குச் சாமானின் கஷ்டம்தான் தெரிகிறது சகோதரர்களே, அது வேலை செய்யும் வரை ஒற்றைக் காலில் நிற்கிறவரின் கஷ்டம் தெரிவதில்லை.