அத்தையின் வயிறும் கைராசி டாக்டரும்

கைராசி என்ற சொல்லை யாராவது மெச்சிப் பேசினால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கடைக்குக் கைராசி, நாற்று நடக் கைராசி என்றால் போகட்டும் என்று விட்டுவிடுவேன். டாக்டருக்குக் கைராசி என்று ஆரம்பித்தால் அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடுவேன். மரியாதை இல்லாதவள் என்று எனக்குப் பெயர். இருக்கட்டும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அத்தை என்றால் பெரியப்பாவுக்கும் என் அப்பாவுக்கும் ஒரே தங்கை. கல்யாணமாகி மூன்றாம் வருஷம் வயிற்று வலியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். சாப்பிட்டால் வலி, சாப்பிடாவிட்டால் மயக்கம், ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை வயிற்றுப்போக்கு. வேலைக்குப் பயந்து வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள் என்று சொல்லி அவள் புருஷன் வீட்டார் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். எலும்பும் தோலுமாக இருந்தவளைப் பார்த்தும் அப்படிச் சொல்ல அவர்களுக்கு வாய் வந்தது.

எங்கள் தெருவில் அப்போது எந்த வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. பெண்கள் விடிவதற்கு முன்னால் ஒருமுறை, பொழுது சாய்ந்தபின் ஒருமுறை முந்திரிக்காட்டுப் பக்கம் போய் வருவார்கள். நடுவில் வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அத்தையின் குடல் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படவில்லை. பட்டப்பகலில் அவள் ஓடுவாள். நான் சொம்பில் தண்ணீரோடு பின்னால் ஓடி, காட்டின் ஓரத்தில் நின்று, ஆண்பிள்ளை யாராவது வந்தால் இருமுவேன். பள்ளிக்கூடம் இல்லாத நேரமெல்லாம் எனக்கு அதுதான் உத்தியோகம். திரும்பி வரும்போது அத்தையின் முகம் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருக்கும். அப்போதும், "என்னடி வாச்மேன், இன்னிக்கி எத்தன பேரத் தொரத்துன?" என்று கேட்டுச் சிரிப்பாள். தெருவில் இருந்த பெண்கள் அவளைப் பற்றிப் பேசியது வேறு. அதை இங்கே எழுத எனக்குக் கை கூசுகிறது.

முதலில் காசநோய் என்றார்கள். குடலிலும் காசநோய் வருமாம். ஒரு வருஷம் மாத்திரையும் ஊசியும் போட்டுப் பார்த்தார்கள். இடுப்பு முழுக்க ஊசி குத்திய கட்டிகள் வந்ததுதான் மிச்சம். கடைசியில் அப்பா அவளைத் திருச்சிக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு டாக்டர் வெள்ளை மருந்தைக் குழம்பு மாதிரிக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார். இது காசநோய் இல்லை, குரோன்ஸ் என்ற வியாதி, சிறுகுடலின் கடைசிப் பகுதி தடித்துச் சுருங்கிப்போய்க் கிடக்கிறது, ஆபரேஷன் செய்துதான் ஆகவேண்டும் என்றார். அதோடு நிறுத்தவில்லை. இது மறுபடி மறுபடி வரக்கூடிய வியாதி, அதனால் அடைத்த இடத்தை மட்டும் எடுத்து மிச்சக் குடலைக் காப்பாற்ற வேண்டும், அந்த அளவு தெரிந்தவர் மெட்ராஸில் குடலுக்கென்றே ஆபரேஷன் செய்கிற ஒரு சர்ஜன், அவரிடம் போங்கள் என்று சீட்டும் எழுதிக் கொடுத்தார். அப்பா அதை அப்படியே வீட்டில் வந்து ஒப்பித்தார். எனக்கே புரிந்தது. என் பெரியப்பாவுக்குப் புரியவில்லை.

பெரியப்பா எங்கள் வீட்டு ஹைகோர்ட்டு. அவர் தீர்ப்புச் சொன்னால் அப்பீல் கிடையாது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "குடலுக்குன்னு ஒரு டாக்டராம். அப்ப மூக்குக்கு ஒருத்தன், முழங்காலுக்கு ஒருத்தனா? வயித்த அறுக்கறதுல என்னடா பெரிய வித்த?" என்றார்.

அரியலூரில் ஒரு சர்ஜன் இருந்தார். பெரியப்பாவின் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்தவர் அவர். என் தம்பி அம்மாவின் வயிற்றில் குறுக்கே கிடந்தபோது எடுத்துக் கொடுத்தவரும் அவர். குடல்வால், மூலம், கட்டி, மாடு முட்டிய வயிறு என்று சுற்று வட்டாரத்தில் பாதிப் பேரின் உடம்பில் அவர் போட்ட தையல் இருந்தது. நல்ல மனிதர், அதை மறுக்க மாட்டேன். அவருக்குக் கைராசி என்று பெயர் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு பெயர் வந்துவிட்டால் பிறகு அவர் என்ன படித்தார், எதைச் செய்து பழகியவர் என்ற கேள்வியே கிடையாது. அவர் தொட்டால் சரியாகும். வேறு ஒருவரிடம் போவது அவருக்குச் செய்கிற துரோகம்.

அப்பாவின் சிநேகிதர் ஒருவர் லப்பைக்குடிக்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். விஷயம் கேள்விப்பட்டுப் பார்க்க வந்தார். "மெட்ராஸுக்கே கொண்டுபோங்க. எங்க மச்சான் வூடு அங்கதான் இருக்கு. எத்தன நாளு வேணும்னாலும் தங்கிக்கலாம். இன்ஷா அல்லாஹ், தங்கச்சி நல்லபடியாத் திரும்பி வரும்" என்றார்.

பெரியப்பா அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த மெட்ராஸ் டாக்டருகிட்ட ஆபரேஷன் பண்ணிக்கிட்ட நம்மூரு ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லைங்க."

"அப்பறம்?" என்றார் பெரியப்பா. தீர்ப்பு முடிந்தது.

பணம் இல்லாமல் இப்படிச் செய்தார்கள் என்றால் நான் இவ்வளவு கொதிக்க மாட்டேன். அந்த வருஷம் முந்திரி நல்ல விளைச்சல். மெட்ராஸ் என்ன, பம்பாய்க்கே போயிருக்கலாம். அப்பா இரண்டு தடவை, "அண்ணே, திருச்சி டாக்டரு அவ்வளவு தூரம் சொன்னாரு..." என்று இழுத்தார். மூன்றாம் தடவை இழுக்கவில்லை. இத்தனையும் நடக்கும்போது அத்தை அடுத்த அறையில் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அறுபடப் போகிற வயிறு அவளுடையது. உனக்கு என்ன தோணுது என்று அவளை ஒருவர் கேட்கவில்லை. முறத்தின் சத்தம் மட்டும் நடுவில் கொஞ்சம் நின்று பிறகு மறுபடியும் கேட்டது.

அஷ்டமி நவமி பார்த்து ஒரு வியாழக்கிழமை அரியலூருக்குக் கிளம்பினோம். வழியில் அத்தைக்கு அவசரம் என்றால் கூட இறங்க ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்பதால் என்னையும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடவைத்து அழைத்துப் போனார்கள். இரண்டு இடத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினோம். இரண்டாவது தடவை கண்டக்டர் வைததை அத்தை காதில் வாங்காதது போல ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டர் அத்தையைப் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார். எக்ஸ்ரே உறை என் கையில் இருந்ததால் நான் உள்ளேயே நின்றேன். பெரியப்பா ஆரஞ்சும் ஆப்பிளும் அடுக்கிய தட்டை மேஜையில் வைத்துவிட்டு நின்றார். அப்பா அவருக்குப் பின்னால் நின்றார்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். திருச்சி சீட்டை இரண்டு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னது இன்னும் எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

"இது நான் பண்ற கேஸ் இல்லீங்க. நான் ஹெர்னியா, குடல்வால்னு பாக்கறவன். இந்த வியாதிய வாழ்நாள்ல ரெண்டு தடவதான் பாத்துருக்கேன். வயித்தத் தொறந்தா எது வரைக்கும் வெட்டணும், எங்க நிறுத்தணும்னு எனக்கு நிச்சயமாத் தெரியாது. அவரு எழுதிருக்கற எடத்துக்கே போங்க."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எப்படிச் சொல்வான்? பெரியப்பா சிரித்தார். அப்பா பக்கம் திரும்பி, "பாத்தியாடா, எம்புட்டு அடக்கம்!" என்றார். பிறகு டாக்டரிடம், "நீங்க அப்புடிச் சொல்லப்படாது சார். உங்க கை பட்டாப் போதும். எங்களுக்கு வேற ஆளு தெரியாது. வாழ்வோ சாவோ உங்க கையில" என்றார்.

டாக்டர் மறுபடியும் முடியாது என்றார். பெரியப்பா குரலை இறக்கி, "எங்கள வேணாம்னு தள்ளிட்டீங்கன்னு ஊருல சொல்லுவாங்க சார்" என்றார். டாக்டர் பழத்தட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில், "சரி, கொண்டாந்து சேத்துருங்க" என்றார். முடியாது என்ற நல்ல வார்த்தை இரண்டு தடவை அவர் வாயில் வந்தது. மூன்றாவது தடவை அதை விழுங்கிவிட்டார். கைராசி என்று பெயர் வாங்கியவருக்கு அந்தப் பெயரே விலங்காகிவிட்டது என்று அவருக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் உண்டு. விலங்கு அவருக்கு, வெட்டு என் அத்தைக்கா?

வெளியே வந்தோம். அத்தை பெஞ்சிலிருந்து எழுந்து நேராக என்னிடம் வந்தாள். அண்ணன்மார் இரண்டு பேரையும் விட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர் என்னடி சொன்னாரு?" என்று கேட்டாள். அவள் முதுகுக்குப் பின்னால் பெரியப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மிரட்டவில்லை, கண்ணைக்கூட உருட்டவில்லை. நான், "சரின்னாரு அத்தை" என்றேன். பொய் சொல்லவில்லை என்று எனக்குள் ஒரு நிம்மதி. டாக்டர் கடைசியாகச் சொன்னது அதுதானே. அத்தை என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, "ம்" என்றாள்.

ஆபரேஷன் காலையில் தொடங்கி மதியம் தாண்டியும் நடந்தது. வீங்கிச் சிவந்து கிடந்ததையெல்லாம் கெட்டுப்போனது என்று நினைத்து டாக்டர் எடுத்துவிட்டார். ஒட்டுப்போட்ட இடம் ஒரு வாரத்தில் விட்டுப்போனது. தையல் வழியாகக் கசிய ஆரம்பித்தது. அவரே கண் கலங்கி, இனி தாமதிக்காதீர்கள் என்று சொன்ன பிறகுதான் ஜவுளிக்கடைக்காரர் பிடித்துக் கொடுத்த காரில் அப்பா அவளை மெட்ராஸுக்குத் தூக்கிக்கொண்டு போனார். அந்தக் குடல் சர்ஜன் மறுபடி திறந்து, கசிவை அடைத்து, உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார். இரண்டு சாண் எடுக்க வேண்டிய இடத்தில் ஏன் இத்தனை எடுத்தார்கள் என்று அவர் கேட்டாராம். மிச்சம் இருந்த குடலால் தின்ற சோற்றை உடம்பில் ஒட்டவைக்க முடியவில்லை. அதற்கப்புறம் அத்தை வாழ்ந்த பதினோரு வருஷமும் கஞ்சியும் குளுக்கோஸ் பாட்டிலும்தான்.

அவள் மெட்ராஸிலிருந்து உயிரோடு திரும்பிய வாரம் பெரியப்பா என்ன செய்தார் தெரியுமா? ஒரு வாழைத்தாரை எடுத்துக்கொண்டு அரியலூர் டாக்டரைப் பார்க்கப் போனார். "மொதக் கை அவரு கை. அதான் பொழச்சி வந்தா" என்று ஊரெல்லாம் சொன்னார். எங்கள் தெருவே தலையாட்டியது.

நான் திருச்சியில் கல்லூரி படிக்கும்போது ஒரு லீவில் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டாக்டர் முதலில் மாட்டேன் என்றார், இரண்டு தடவை சொன்னார், மெட்ராஸுக்குப் போகச் சொன்னார், நான்தான் உன்னிடம் மறைத்துவிட்டேன் என்று அழுதேன். அத்தை என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அழுவாதடி. எனக்குத் தெரியும். அந்த ரூமுக்கு அரைக்கதவுதான? அவரு சொன்னது அத்தனையும் பெஞ்சுக்குக் கேட்டுச்சு."

"அப்பறம் ஏன் அத்தை எங்கிட்டக் கேட்ட?"

"புருஷன் வாணாம்னு அனுப்புனவ. அண்ணன் வூட்டுச் சோறு. ஒட்டுக்கேட்டத வச்சி அவங்கள எதுத்து நிக்க முடியுமா? நீ வாயத் தொறந்து சொல்லியிருந்தின்னா, புள்ள சொல்லுதே, நான் படுக்க மாட்டேன்னு ஒரு சத்தம் போட்டுருப்பேன்."

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கஞ்சிக்கு உப்பு போதுமா என்று பார்க்க எழுந்து போனாள். பத்து வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் எங்கே தெரியும் என்றுதான் இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லோரும் என்னைத் தேற்றுகிறார்கள். நானும் அதையே பிடித்துக்கொண்டு, செத்துப்போன பெரியப்பாவை இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.