கொள்ளுச் செடிமேல் மொட்டை டயர்

கட்டை கட்டையாகப் பல் வைத்த டயரோடு கியர் சைக்கிள் தார் ரோட்டில் போனால் ஒரு சத்தம் வரும். மாவு மில்லில் பெல்ட் ஓடுகிற மாதிரி ஒரே உறுமல். எங்கள் ஊரிலிருந்து கீரனூருக்குப் பத்து கிலோமீட்டர். அந்தப் பத்து கிலோமீட்டரும் அந்த உறுமலைக் கேட்டுக்கொண்டேதான் நானும் பரோட்டா மாஸ்டரும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். வழியில் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள், "ஏப்பா, மில்லு வருது, ரெண்டு படி அரிசி எடுத்துட்டு வாங்க" என்பார்கள்.

கீரனூரில் திருச்சி ரோட்டு மேல் ஒரு ஹோட்டலில் நான் சப்ளையர். இருபது வருஷமாக இலை போட்டு, தண்ணீர் வைத்து, சாப்பிட வருகிறவர்களின் பேச்சைக் காதில் வாங்கி வளர்ந்தவன். பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றுபோனது. மிச்சத்தை டேபிளில் உட்கார்ந்தவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல சொலவடை ஒன்று காதில் விழுந்தால் ஆர்டர் எழுதும் சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொள்வேன். அப்படிச் சேர்ந்த சீட்டுகள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வீட்டில் இருக்கின்றன.

மாஸ்டர் அதே ஹோட்டலில் பரோட்டாக் கல்லில் நிற்பவர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். ஊர் முறைக்கு எனக்கு மாப்பிள்ளை. மாமன் மாப்பிள்ளை முறையில் கேலிக்குக் கணக்கு வழக்கே கிடையாது. அந்தச் சலுகையை நான் ஒரு நாள்கூட வீணாக்கியதில்லை. மோட்டார் பைக் என்றால் அவருக்குப் பயம். அதைச் சொல்லிச் சொல்லியே ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். மத்தியானம் எங்கள் ஊருக்கு பஸ் கிடையாது. அதனால் மச்சினன் சிங்கப்பூர் போகும்போது விட்டுப்போன கியர் சைக்கிளை அவர் எடுத்துக்கொண்டார். எனக்குச் சர்க்கரை. டாக்டர் ஓட்டச் சொன்னதால் காலேஜ் முடித்துப் போன ஒரு பிள்ளையிடம் பழைய கியர் சைக்கிளை நானும் வாங்கினேன்.

ஆனால் அந்த டயரை மிதிப்பது சும்மா இல்லை. மலையில் ஏறுவதற்குச் செய்த பல், தார் ரோட்டைக் கடித்துப் பிடித்துக்கொண்டு விடாது. மாஸ்டர் இரண்டு மணிக்கு வந்து மாவு பிசைய வேண்டும். அவரோ இரண்டேகாலுக்கு, சட்டை பிழிகிற ஈரத்தோடு வந்து நிற்பார். ஹேண்டிலைப் பிடித்துப் பிடித்துக் கை நடுங்கும்.

"என்ன மாஸ்டர், நீங்க சைக்கிள ஓட்டிட்டு வாரீங்களா, சைக்கிள் ஒங்கள ஓட்டிட்டு வருதா?" என்று முதலாளி எல்லார் முன்னாலும் கேட்டார். "இனிமே ரெண்டு மணி தாண்டுச்சுன்னா நீங்க வரவே வேணாம். கல்லு ஆளில்லாம நிக்காது."

மாஸ்டருக்கு அந்தக் கல்தான் எல்லாம். மூத்த பெண் நர்சிங் படிக்கிறாள். வேறு தொழில் தெரியாது. மாவு உருண்டையைத் தட்டி, இரண்டு வீச்சு வீசினால் வாழைத்தார் மறைகிற அகலத்துக்கு, அந்தப் பக்கம் நிற்பவன் முகம் தெரிகிற மெல்லிசாக விரியும். அந்த வீச்சைப் பார்ப்பதற்கென்றே பார்சல் வாங்க வருகிறவர்கள் கல்லுப் பக்கம் வந்து நிற்பார்கள். எல்லாம் வலது மணிக்கட்டில் இருந்தது.

டயரை முதலில் மாற்றியவன் நான். மார்கழியில் புதுக்கோட்டைக்குப் போயிருந்தபோது ஒரு சைக்கிள் கடையில் பார்த்தேன். ஸ்லிக் டயர் என்றார்கள். பல் இல்லை, கட்டை இல்லை, வெண்ணெய் தடவிய மாதிரி வழுவழுவென்று இருந்தது. மாட்டிக்கொண்டு கல்லு மாதிரி காற்றடித்து வந்தேன். அடடா, அந்தச் சுகத்தை என்ன சொல்ல. உறுமல் போய்விட்டது. மிதித்தால் ஓடியது, மிதிக்காவிட்டாலும் ஓடியது. ஊரில், "மாமா மொட்டை டயரு போட்டிருக்காரு, கருவேல முள்ளு விருந்துக்கு வரும்" என்றார்கள். இரண்டு பஞ்சர் ஆனது உண்மைதான். ஆனாலும் நான் முப்பது நாளும் டயர் புராணம் பாடிக்கொண்டிருந்தேன். மாஸ்டரைப் பின்னால் விட்டுவிட்டு முன்னால் போய், கண்மாய்க்கரைப் புளியமரத்தடியில் காத்திருந்து, "வா மாப்ள, மாடு பூட்டி இழுத்துட்டு வரணுமா?" என்று கேட்பதில் எனக்கு ஒரு ருசி வந்துவிட்டது.

தை பிறந்ததும் எங்கள் பக்கம் ரோட்டில் கொள்ளு விரிப்பார்கள். பிடுங்கிய செடியைத் தாரில் ஒரு முழ உயரத்துக்குப் பரப்பிவிடுவார்கள். பஸ், லோடு ஆட்டோ, சைக்கிள், எது போனாலும் அதன்மேல் ஏறித்தான் போகவேண்டும். சக்கரம் ஏறினால் காய் வெடித்துக் கொள்ளு உதிரும்; அதுதான் அவர்களுக்குக் களத்துமேடு. ஓரமாக ஒதுங்கிப் போனால் கோபம் வரும், "ஒங்க வண்டி தேஞ்சா போயிரும்?" என்று கேட்பார்கள். ஏறிப் போவது மரியாதை. பல் வைத்த டயரோடு எத்தனையோ வருஷம் நான் ஏறிப் போயிருக்கிறேன்.

அந்தத் தையில் கண்மாய் வளைவில் ஒரு அம்மா விரித்திருந்தார். "நடுவுல ஏறிப் போங்கண்ணே" என்றார். ஏறினேன். பாதி தூரத்தில் லேசாக பிரேக் பிடித்தேன். செடிக்கு அடியில் உதிர்ந்து கிடந்த கொள்ளு, மொட்டை டயருக்குக் கீழே மணல் மாதிரி நழுவியது. சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முழங்கையில் தோல் உரிந்தது. அந்த அம்மாதான் தூக்கிவிட்டு, செம்பில் தண்ணீர் கொடுத்து, "டயரு தேஞ்சு போச்சாண்ணே?" என்று கேட்டார்.

மாஸ்டர் அன்று லீவு. ஹோட்டலில் கேட்டவர்களிடம், "நாய் குறுக்க வந்துச்சு" என்றேன். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று ஒரு சொலவடை என் டப்பாவில் முதலாவதாகக் கிடக்கிறது. முப்பது நாள் பாடிய பாட்டை ஒரு பிடி கொள்ளுக்காக மாற்றிப் பாட எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வாரம் முதலாளி மறுபடியும் கத்தினார். மாஸ்டர் என்னிடம் வந்து, "மாமா, எனக்கும் அந்த டயரு மாட்டிக் குடுங்க" என்றார். ஒரு லீவு நாளில் இரண்டு பேரும் புதுக்கோட்டைக்குப் போனோம்.

கடைக்காரர் இரண்டு விதமாக எடுத்துப் போட்டார். ஒன்று என்னுடையது மாதிரி முழு மொட்டை. இன்னொன்று நடுவில் வழுவழுப்பு, இரண்டு ஓரத்திலும் சின்னச் சின்னப் பல்.

"ரோட்டுலயே போயி ரோட்டுலயே வாரதுன்னா மொட்டை. அங்கிட்டு இங்கிட்டு எறங்கி ஏறணும்னா பல்லு வச்சது. இது கொஞ்சம் கனம், அவ்வளவுதான். காலுக்கு ஏத்த செருப்பு, பாதைக்கு ஏத்த டயரு" என்றார்.

மாஸ்டர் ஓரத்துப் பல்லைக் கட்டைவிரலால் நெருடிப் பார்த்தார். மாவு பதம் பார்க்கிற மாதிரியே பார்த்தார். "மாமா, இதுல கொஞ்சம் புடிமானம் இருக்கும்போலயே. நம்ம ரோட்டுல செம்மண்ணு கெடக்கு. கொள்ளு வேற விரிக்க ஆரம்பிச்சுட்டாங்க."

"பல்லு வேணும்னா சீப்பு வாங்கிக்க மாப்ள. டயருக்கு எதுக்கு?" என்றேன்.

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு வந்துவிட்டால் நான் நிறுத்தமாட்டேன். "பைக்குக்குப் பயம், பல்லு இல்லாத டயருக்குப் பயம். ஒனக்குக் கீழ ரெண்டு சின்ன சக்கரம் வச்சுத் தரச் சொல்லவா?"

அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நெசமாச் சொல்லுங்க மாமா. ஒங்களுக்கு எங்கயும் வழுக்கலையே?" என்று கேட்டார்.

சட்டைக் கைக்குள்ளே முழங்கைக் காயம் பொருக்குத் தட்டி அரித்துக்கொண்டிருந்தது.

"வழுக்கவே வழுக்காது."

"அப்ப இந்த முழங்கை?"

"நாய் குறுக்க வந்துச்சுன்னு சொன்னேன்ல."

அவர் மொட்டை டயரை எடுத்துக்கொண்டார். ஏன் அப்படிச் செய்தேன் என்று அப்புறம் பல நாள் யோசித்திருக்கிறேன். அவருக்குக் கெடுதல் நினைக்கவில்லை. அவரும் அதையே வாங்கிவிட்டால் நான் வாங்கியது சரி என்று ஆகிவிடும், அவ்வளவுதான். கெடுதல் நினைத்திருந்தால்கூடக் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்திருப்பேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு ஒன்பது நாள் ஓடியது. மாஸ்டர் ஒன்றே முக்காலுக்கெல்லாம் கல்லுக்கு வந்துவிட்டார். வேர்வை இல்லை, நடுக்கம் இல்லை. முதலாளி, "இப்பத்தான் மாஸ்டர் மாதிரி இருக்கீங்க" என்றார். கண்மாய் வளைவில் அந்த நாள்களில் கொள்ளு இல்லை.

பத்தாம் நாள் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். புது அறுப்பு, போன தடவையைவிட உயரமாக விரித்திருந்தார்கள். நான் இறங்கித் தள்ளினால், "ஏன் மாமா?" என்று அவர் கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டும். போன் வந்த மாதிரி எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு ஒரு காலை ஊன்றி நின்றுவிட்டேன். பேசாத போனில், "ஆமா, ஆமா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "போ மாப்ள, வாரேன்" என்று கையைக்கூட ஆட்டினேன்.

"நடுவுல ஏறி வாங்கண்ணே" என்றார் அந்த அம்மா.

"ஏறாம எங்க போறது தங்கச்சி" என்று சிரித்துக்கொண்டே மாஸ்டர் ஏறினார். மரியாதை தெரிந்த மனிதர். பாதி தூரத்தில் முன் சக்கரம் பக்கவாட்டில் ஓடியது. விழும்போது வலது கையை ஊன்றினார். நான் நின்ற இடத்துக்கு அந்தச் சத்தம் கேட்டது. செடி ஒடிகிற சத்தம் என்று நினைத்துக்கொள்ள நான் பார்த்தேன்.

ஓடினேன். அந்த அம்மா எனக்கு முன்னால் வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் அவருக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ஏண்ணே, அன்னைக்கு நீங்களும் இதே எடத்துலதானே விழுந்தீங்க! நான்தானே தண்ணி குடுத்துத் தூக்கிவிட்டேன்! கூட வாரவருக்கு ஒரு வார்த்த சொல்ல வேணாமா?"

மாஸ்டர் கொள்ளுச் செடிமேல் உட்கார்ந்திருந்தார். வலது கை மணிக்கட்டுக்கு மேலே ஸ்பூன் வளைந்த மாதிரி வளைந்திருந்தது. அதை இடது கையால் ஒரு குழந்தையைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வலியில் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நாயி எங்க மாமா?" என்றார்.

கீரனூர் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட, புதுக்கோட்டையில் பிளேட் வைத்தார்கள். முதலாளி ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார். "ஒங்க கல்லு ஒங்களுக்குத்தான் மாஸ்டர், நிதானமா வாங்க" என்றார். அன்று சாயங்காலமே மதுரைப் பக்கத்து ஆள் ஒருவர் கல்லில் நின்றார்.

மூன்று மாசம் கழித்து மாஸ்டர் வந்து மாவைத் தொட்டார். உருட்டினார், தட்டினார். வீசும்போது மணிக்கட்டு திரும்பவில்லை. மாவு மடிந்து பொத்தென்று பலகையில் விழுந்தது. பார்சலுக்கு நின்றவர்களில் ஒருவர், "என்ன மாஸ்டர், துண்டு ஒதறுறீங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சைக்கிள் கடையில் சீப்புக்குச் சிரித்த அதே சிரிப்புதான். அதை எழுப்பிப் பழகியவன் என்பதால் எனக்கு அடையாளம் தெரிந்தது. மறுநாளிலிருந்து அவருக்கு வெங்காயம் உரிக்கிற வேலை.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். ஊரைக் கூட்டியிருக்கலாம். அதற்குப் பதிலாக நடந்ததைச் சிரிப்புக் கதையாக்கி எல்லாரிடமும் சொன்னார். நல்லா சொன்னார், என்னைவிட நல்லா. இப்போது எங்கள் ஹோட்டலில் டம்ளர் உடைந்தாலும், சாம்பாரில் உப்புக் கூடினாலும், ஒருவன் வேலைக்கு மட்டம் போட்டாலும், "நாய் குறுக்க வந்துச்சாக்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். யாரென்று தெரியாத வெளியூர் டிரைவர் ஒருவர் போன மாசம் இட்லி ஆறியதற்கு என்னிடமே அதைச் சொன்னார். அந்தச் சொலவடையை மட்டும் நான் எழுதி வைக்கவில்லை.

கையில் பிடிமானம் இல்லாததால் அவர் சைக்கிள் ஓட்டுவதில்லை. "மாமா, ஒங்க வண்டில ஒரு கேரியர் போடுங்க" என்றார். போட்டேன். தினமும் அவரைப் பின்னால் உட்காரவைத்து மிதிக்கிறேன். டயரையும் மாற்றிவிடலாம் என்று கிளம்பினேன், விடவில்லை. "நல்ல டயரு மாமா. எதுக்கு மாத்துறீங்க?" என்று கேட்கிறார். நான்கு பேர் இருக்கும்போதுதான் கேட்கிறார்.

இந்தத் தையிலும் கண்மாய் வளைவில் விரித்திருந்தார்கள். அதே அம்மா. நான் காலை ஊன்றி நின்றேன். மாஸ்டர் இறங்குவார் என்று காத்திருந்தேன். அவர் இறங்கவில்லை.

"ஏறுங்க மாமா. வழுக்கவே வழுக்காது" என்றார் பின்னாலிருந்து.

திரும்பிப் பார்த்தேன். மடியில் வலது கையை வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். முகத்தில் கேலி இல்லை.

நான் மட்டும் இறங்கினேன். ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவரைக் கேரியரில் வைத்தபடியே, கொள்ளுச் செடியின் நடுவே தள்ளிக்கொண்டு போனேன். காலுக்குக் கீழே நழுவியது. மூச்சு வாங்கியது. நடுவழியில் நின்றபோது, "என்ன மாமா, மாடு பூட்டணுமா?" என்றார்.

"நல்லா மிதிச்சுப் போங்கண்ணே" என்றார் அந்த அம்மா ஓரத்திலிருந்து. "ஆளு கனத்தோட போனாத்தான் ஒதிரும்."