ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டும் பதினோராவது கசெட்டும்

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில், தம்பி வீட்டில் தங்கியிருந்தேன். ஞாயிறு காலை ஆறு மணி. வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு எல்லாரையும் கூப்பிடும் தப்பு மேளம்! கண் திறக்கும் முன்பே சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

எனக்குத் தோட்டத்தில் வேலையே கிடையாது. அதனால் என்ன... தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்த கால் அல்லவா?

பெரட்டுக் களத்தில் பனி. பனிக்குள் கூடையோடு பெண்கள், பாதித் தூக்கத்தோடு ஆண்கள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவும் வந்துவிட்டார் — ஒரு காலில் மட்டும் சப்பாத்து.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமை. யாரு தப்பு அடிச்சது?"

தினமும் தப்படிக்கும் முனியாண்டி வரிசையில் வெறுங்கையோடு நின்றார். சத்தமோ கோயில் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. பிறகு ஒரு கிடார் அலறியது. புரிந்துவிட்டது — 'பச்சை இடி'.

தோட்டத்து லொறி மெக்கானிக் ஸ்டீபனின் பேண்ட் குழு அது. லொறி ஷெட்டில் வாசிப்பார்கள். சைகடெலிக் ராக்காம். எதிரொலிக்காகக் காலித் தார் பீப்பாய்க்குள் ஸ்பீக்கரை இறக்கிப் பதிவு செய்வார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு கசெட், இது பதினோராவது. கேட்டவர்கள்? ஷெட்டில் நின்ற லொறி. இன்னொரு தடவை புகார் வந்தால் ஷெட்டுக்குப் பூட்டு என்று கண்டாக்கையா ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

முதல் பாட்டை முனியாண்டியின் தப்போடு தொடங்கியது துணிச்சல்தான். அதைக் கோயிலில் கொடுத்து, பெரட்டு நேரத்தில் போடச் சொன்னதை என்னவென்பது?

கண்டாக்கையா 'போங்க' என்று சொல்லாமல் யாரும் நகர முடியாது. அவரோ ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றார். பாட்டின் மீதி ஒன்பது நிமிஷத்தையும் தோட்டமே வரிசையில் நின்று கேட்டது. எந்த ஊர்க் கலைஞனுக்கு இப்படியொரு சபை வாய்க்கும்?

என் பக்கத்தில் நின்ற லெட்சுமியக்கா கூடையை இறக்கி வைத்தார். "மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. அப்புறம் லொறிய மேட்டுல ஏத்துற மாதிரியே இருக்கே."

கண்டாக்கையா ஸ்டீபனை அழைத்தார். பூட்டுத்தான் என்று நினைத்தேன்.

"பத்தே நிமிஷத்துல எல்லாரும் வந்துட்டாங்கப்பா. அந்தத் தப்ப மட்டும் தனியா ஒரு கசெட்டுல போட்டுக் குடு. தெனம் போடலாம். ஷெட்ட நீயே வச்சுக்க."

"அப்ப நான் என்னா செய்றதுங்க ஐயா?" — முனியாண்டி.

"தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போ."

ஸ்டீபன் முனியாண்டியைப் பார்த்தார். "துண்டு போட்டுக் குடுக்க முடியாதுங்க ஐயா. வேணும்னா முழுப் பாட்டையும் போடுங்க."

நண்பனுக்காகச் சொன்னாரா, கிடாருக்காகச் சொன்னாரா... இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்றே பூட்டு விழுந்தது.

பன்னிரண்டாவது கசெட் நேற்றுத் தபாலில் வந்தது. முதல் சத்தமே அந்தப் பூட்டு விழுகிற சத்தம்தான் — பூட்டும்போது பக்கத்தில் நின்று பதிவு செய்திருக்கிறார்கள்.